ஆண்டியப்பன் பெயரில் ஐந்து போத்தல்

ரெங்கசாமியைக் குடிகாரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கிளாஸ் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை முன்னால் வைத்துக்கொண்டு, நுரை அடங்கி, மேலே ஈ விழுந்து, கடைக்காரரே பார்க்கச் சகியாமல் எடுத்துக் கொட்டும்வரை உட்கார்ந்திருப்பார். ஆனாலும் தாப்பாவிலிருந்து கம்போங் ராஜா வரை மலைப்பாதையில் ஐந்து ஊர்களில், ஐந்து சீனர் கடைகளில், அவர் வாங்கி வைத்த ஸ்டவுட் போத்தல் ஒவ்வொன்று மூடி திறக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி ஓர் அட்டைத் துண்டு. அதில் 'ஆண்டியப்பன்' என்று தமிழில் எழுதியிருக்கும். கடைக்காரர்களுக்குத் தமிழ் படிக்க வராது. இருந்தாலும் அது யாருக்கான போத்தல் என்று எல்லாருக்கும் தெரியும்.

இது 1978ஆம் வருடத்துக் கதை. நான் அப்போது மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு தனியார் சர்வே கம்பெனியில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் சேலம் ஜில்லா ஆத்தூர். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன், இரண்டிலும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பலம் இல்லை. வேலைப் பர்மிட் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தத் தாளைப் பாலித்தீன் உறையில் போட்டுச் சட்டைக்கு உள்ளே வைத்திருப்பேன். குளிக்கும்போது மட்டும் வெளியே எடுப்பேன். அதையும் கதவுக் கொக்கியில் மாட்டிப் பார்வைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையைச் சரிபார்க்கக் கம்பெனி என்னை அனுப்பியது. தோட்டத்துக்கு அறுபத்திரண்டு எல்லைக்கற்கள். அவற்றில் மேற்குப் பக்கத்து மலைமுகட்டில் உள்ளவை தோட்டத்துக்கு மட்டும் எல்லையில்லை, பகாங், பேரா என்ற இரு மாநிலங்களுக்கும் அவையே எல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், முப்பதுகளில் நட்டவை. எனக்கு வழிகாட்டத் தோட்டத்து மேனேஜர் கொடுத்த ஆள்தான் ரெங்கசாமி. வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு கல்லையும் தேடிப் போய், பாராங் கத்தியால் புதரை வெட்டி, பாசியைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, எண்ணைக் கறுப்பு மையால் எழுதிவிட்டு வருவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது. ஒல்லி. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் யாரோ துரை விட்டுப்போன கம்பளிக் கோட்டு.

முதல் வாரம் முழுக்க என்னோடு அளந்துதான் பேசினார். எட்டாம் நாள் காலையில் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இன்னைக்கி பதினேழாம் நம்பரு கல்லு சார். மாமியார் வீடு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கலாம் நீங்க" என்றார்.

"கல்லுக்குமா மாமியார் வீடுன்னு பேரு?"

"எனக்கு மட்டுந்தான் சார் அப்படி. வாங்க, போயி காட்டுறேன்."

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே பனி உள்ளே வருவதும் போவதுமாக இருந்தது. முகட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சதுரக் கல். இரு மாநிலத்துக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே என்பதால், எந்தப் பக்கம் எது என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் கல்லைச் சுற்றி நடந்தபோது என் கை தன்னையறியாமல் சட்டைக்குள் போய்ப் பர்மிட்டைத் தொட்டது. ரெங்கசாமி அதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாதீங்க சார். இந்தப் பக்கமும் அதே கவர்மெண்டுதான்."

பிறகு கல்லின் கிழக்குப் பக்கம் பத்தடி கீழே இருந்த சமதளத்தைக் காட்டினார். கரி படிந்த மூன்று அடுப்புக் கற்கள், துருப்பிடித்த தகரம் ஒன்று.

"சர்வே கேம்பு இங்கதான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரி பாஞ்சாலை பொறந்த எடம் இது."

அன்று கல்லைச் சுத்தம் செய்தபடியே அவர் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாஞ்சாலையின் அப்பா சின்னையா, இந்தக் கற்களை முதுகில் கட்டிச் சுமந்து ஏற்றிய ஆட்களில் ஒருவர். பெண்டாட்டியையும் கேம்புக்குச் சமைக்கக் கூட்டி வந்திருந்தார். இங்கேயே பிரசவம் ஆனது. தொப்புள்கொடியைக் கல்லுக்கு அடியில் புதைத்தார்கள். வேறு எங்கே புதைத்தாலும் தேயிலை போடத் தோண்டிவிடுவார்கள், அரசாங்கத்துக் கல்லை மட்டும் எவனும் தோண்ட மாட்டான் என்று சின்னையா சொல்வாராம். பாஞ்சாலைக்கு அதில் பெரிய பெருமை. தோட்டத்து ஆட்களின் லைன் வீட்டு வரிசையில் மற்றப் பெண்களோடு சண்டை வந்தால், "நான் பொறந்த எடத்துக்குக் கவர்மெண்டே கல்லு நட்டிருக்கு. ஒனக்கு என்னாடி நட்டிருக்கு?" என்பாளாம்.

ஆனால் அந்தப் பிறப்பை யாரும் எங்கேயும் பதியவில்லை. அதனால் அவளிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. ரெங்கசாமி ரிங்லெட்டில் பிறந்து பதிவானவர், நீலக் கார்டு. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் அந்த நிற வித்தியாசம் அவர்களுக்குள் ஒரு கேலியாக மட்டும் இருந்தது. அறுபத்தொன்பதுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் பல பேருக்குப் பர்மிட் கிடைக்கவில்லை. எழுபதில் பாஞ்சாலை, ஒன்பது வயது மகள் ருக்குமணியைக் கூட்டிக்கொண்டு, தன் அண்ணன் குடும்பத்தோடு பினாங்கில் கப்பல் ஏறினாள். ராசிபுரம் பக்கம் அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆறு மாதத்தில் தாளைச் சரிசெய்து கூப்பிட்டுக்கொள்வதாக ரெங்கசாமி சொன்னார். வேலையை விட்டால் லைன் வீடும் போய்விடும், திரும்பி வந்தால் அவள் எங்கே இருப்பாள் என்பதற்காக இவர் இருந்துவிட்டார்.

"எட்டு வருசமாச்சு சார்" என்றார், பதினேழின் ஏழை எழுதிக்கொண்டே.

அவள் இந்த நாட்டில் பிறந்ததற்குக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். சின்னையாவும் மனைவியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேம்பில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கக்கூடியவர் ஒருவர்தான். சர்வே துரைக்கு அளவுச் சங்கிலி பிடித்த ஆண்டியப்பன். தோட்டத்தில் கங்காணியோடு அடிதடி செய்து வெளியேறி, காய்கறித் தோட்டங்களில் இன்று இங்கே நாளை அங்கே என்று திரிகிறவர். வீடு வாசல் கிடையாது. எங்கே இருந்தாலும் குடிக்கிற இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?

"அதான் சார், ஊருக்கு ஒரு போத்தலு. ஸ்டவுட்டு போத்தலு சும்மா நிக்குதுன்னு கேட்டா அந்தாளு நடந்தே வந்துடுவாருலா."

அந்த வருடம் எல்லா எல்லைக்கற்களையும் அவரோடு பார்த்தேன். அதற்கிணையாக எல்லாக் குடிக்கடைகளையும் பார்த்தேன். கம்பெனி ஜீப் என்னிடம் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தல்களைப் பார்த்துவரப் போவோம். தாப்பாவில் லோரிக்காரர்கள் கூடும் கடை. அங்கே கள்ளும் உண்டு. மலை ஏறினால் தென்னை கிடையாது, ஏற்றிக்கொண்டு போனாலும் புளித்துவிடும் என்பதால் மேலே எல்லாம் ஸ்டவுட்டும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான். ரிங்லெட்டில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு மேசை. தானா ராத்தாவில் வாசலில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகும் கடை. பிரிஞ்சாங்கில் முட்டைக்கோஸ் வியாபாரிகளுக்கு நடுவே ஒரு மூலை. அங்கே ஒரு கிழவி, பச்சை முட்டையை உடைத்து ஸ்டவுட்டில் கலக்கி, மருந்து போலக் கண்ணை மூடிக் குடிப்பாள்.

எல்லா இடத்திலும் ஒரே சடங்கு. ரெங்கசாமி உள்ளே நுழைவார். முதலில் அலமாரியைப் பார்ப்பார். போத்தல் இருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதை எடுத்து, தூசியைக் கோட்டு நுனியால் துடைத்து, அட்டையை நேராக்கி, அங்கேயே வைப்பார். பழையதாகி விட்டிருந்தால் அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் புதியது வாங்கி வைப்பார். பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று தனக்கு ஒரு கிளாஸ்.

எனக்கு அந்த இடங்களில் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை. வெளிநாட்டுக்காரன் கூலியாட்களோடு குடிக்கடையில் இருப்பதை யாராவது கம்பெனிக்கு எழுதிப் போட்டால்? கதவைப் பார்த்த நாற்காலியாகத் தேர்ந்தெடுத்து, ஆரஞ்சு கிரஷ் குடிப்பேன்.

"நம்ம சாரு குடிக்கிறதப் பாத்தா போலீஸ்காரனே பாவம்னு இன்னொண்ணு வாங்கிக் குடுப்பான்" என்பார் ரெங்கசாமி.

சில ஞாயிறுகளில் பாஞ்சாலையின் கடிதம் வந்திருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் என்னைப் படிக்கச் சொல்வார். யாரோ ஒரு வாத்தியாரைக் கொண்டு எழுதியது, 'நலம் நலமறிய அவா' என்று தொடங்கும். நடுவில் திடீரென்று வாத்தியாரின் தமிழ் விலகி அவள் குரல் கேட்கும். இங்க வெயிலு ஆள உருக்குது. ருக்கு சொல்றா, அப்பா மூஞ்சி மறந்துபோச்சுன்னு. போட்டா எடுத்து அனுப்புங்க, கோட்டு இல்லாம எடுங்க, இங்க எல்லாரும் சிரிப்பாங்க. அந்த இடம் வந்ததும், "அத இன்னொரு தரம் படிங்க சார்" என்பார்.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிறு, கம்போங் ராஜாவில் நாங்கள் ஜீப்பை நிறுத்துவதற்கு முன்பே கடைக்காரர் ஆ லெக் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்கு நாலு வார்த்தை தமிழ் வரும்.

"ரெங்கா! ஒன் ஆளு வந்தான்! குடிச்சான்! போயிட்டான்!"

ரெங்கசாமி உள்ளே போய் அலமாரியைப் பார்த்தார். போத்தல் நின்ற இடத்தில் வட்டமாகத் தூசியில்லாத தடம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டானா? ஏன்யா விட்ட? புடிச்சு வைக்கக் கூடாது?"

"கெழவன் கையில மண்வெட்டி இருக்கு. நான் எப்பிடிப் புடிக்கிறது? நாளக்கி ஞாயிறு வர்றேன்னான்."

"இன்னைக்கித்தான்யா ஞாயிறு."

"ஆ, அதேதான். இன்னைக்கி வர்றேன்னு நேத்து சொன்னான்."

பதினோரு மணியிலிருந்து காத்திருந்தோம். ரெங்கசாமி இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவி வந்தார். உறுதிமொழிப் பத்திரத்துக்கான தாளை நான் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். சாட்சியின் பெயர், வயது, பாஞ்சாலை பிறந்த நாள், இடம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, கீழே மொழிபெயர்த்துச் சொன்னவரின் பெயர், பாஸ்போர்ட் எண், கையெழுத்து. அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்திருந்தேன். என் பர்மிட் முடிய ஐந்து வாரம் இருந்தது. உண்மையைத்தானே எழுதப் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆண்டியப்பன் வந்தார். எழுபதைத் தாண்டிய, வளைந்த, வலுவான உடம்பு. வாசலிலேயே நின்று கடைக்குள் பார்வையை ஓட்டினார்.

"எட்டு வருசமா எனக்குப் போத்தலு வாங்கி வச்சுட்டுக் காத்திருக்கிற மடப்பய எவன்டா? என் சொந்தத் தங்கச்சி மவன் ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல."

ரெங்கசாமி எழுந்து நின்றார். "நாந்தான் மாமா. சின்னையா மருமவன்."

"எந்தச் சின்னையா? கல்லு தூக்குன சின்னையாவா?" கிழவர் வந்து உட்கார்ந்தார். "சீனன் சொன்னான், இன்னும் நாலு கடையில நிக்குதாமே. அதுவும் எனக்குத்தானே?"

"எல்லாம் ஒங்களுக்குத்தான். மொதல்ல நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க."

"கேளு. தொண்டை நனைஞ்சா ஞாபகம் வரும்."

புதிய போத்தல் வந்தது. ரெங்கசாமி கேட்டார். மேற்கு முகட்டுக் கேம்பு, பதினேழாம் நம்பர் கல், சின்னையா பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது, அப்போது நீங்கள் இருந்தீர்களா?

"இருந்தேனாவா? வெந்நி போட்டதே நாந்தான்டா. கல்லு நட்டது வியாழக்கெழம. மறுநா வெள்ளிக்கெழம விடியக்காத்தால பொறந்துச்சு. பொம்பளப்புள்ள. கேம்புலேருந்து கல்லுக்கு அரைச் சங்கிலிகூட இல்ல. கெழக்குப் பக்கம், பகாங்கு மண்ணு. கொடிய அங்கதான் பொதச்சான். பாஞ்சாலைன்னு பேரு வச்சான்."

ரெங்கசாமி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. நான் பேனாவைத் திறந்து 'பகாங்' என்று எழுதினேன்.

"எழுதிட்டீங்களா சார்? எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் அண்ணே."

"பாவம்" என்றார் ஆண்டியப்பன், கிளாஸைப் பார்த்தபடி. "பதினோரு நாளுதான் இருந்துச்சு."

ரெங்கசாமிக்கு அது உடனே உறைக்கவில்லை. "யாரு மாமா?"

"அந்தப் புள்ளதான். மழன்னா அப்படி மழ. காச்ச கண்டு பதினோராம் நா போயிருச்சு. அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே பொதச்சோம். தாய்க்காரி அப்புறம் ஒரு மாதிரி ஆயிட்டா. துரையே பாத்துட்டு, ஊருக்குக் கூட்டிட்டுப் போடான்னு சின்னையாவ அனுப்பிச்சாரு. கப்பல்ல போனாங்க. மூணு வருசங் கழிச்சு கையில ஒரு பொம்பளப்புள்ளையோட வந்தாங்க. பேரென்னடான்னேன். பாஞ்சாலைன்னான். என்னடா, அதே பேரான்னு கேட்டேன். 'அதே புள்ளதான்டா'ங்குறான். தாய்க்காரி பக்கத்துல நின்னு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. சரிதாம்பான்னுட்டேன். அதோட அந்தப் பேச்ச நான் எடுக்கல."

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கும் வைப்பார்கள். முதல் பிள்ளை சாகவே இல்லை என்று சாமியையும் ஏமாற்றி, தங்களையும் ஏமாற்றிக்கொள்வார்கள். ஆனால் பிறந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"மாமா" என்றார் ரெங்கசாமி. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற கேம்புப் புள்ளையா இருக்கும்."

"சங்கிலி புடிச்சவன்டா நான். ஒரு கண்ணி தப்பாச் சொன்னா துரை செவுள்லயே விடுவான். எனக்குத் தப்பாது."

கடைக்குள் யாரோ மேசையைத் தட்டி மீன் வறுவல் கேட்டார்கள். ஆ லெக் சட்டுவத்தோடு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆண்டியப்பனுக்கும் தான் என்ன செய்துவிட்டோம் என்பது மெல்லப் புரிந்தது.

"இப்ப என்னாங்குற? ஒம் பொண்டாட்டி இங்க பொறந்தவன்னு காயிதம் வேணும். அவ்ளோதானே? பாஞ்சாலைன்னு ஒரு புள்ள, சின்னையா மவ, அந்தக் கல்லுகிட்ட பொறந்துச்சா? பொறந்துச்சு. நானே வெந்நி போட்டேன். சூடம் அடிச்சுச் சொல்றேன். இதுல என்னா பொய்யி? அந்தப் பதினோரு நாள யாரு கேக்கப் போறா? எழுதுய்யா தம்பி."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் எழுதியிருக்கலாம். கிழவர் கைநாட்டு வைத்திருப்பார். கடல் கடந்து விசாரிக்க யாரும் போகப் போவதில்லை. பாஞ்சாலையைக் கேட்டாலும் அவளும் மனசாரச் சொல்லுவாள். எட்டு வருடம் தனியாக இருந்த ஒரு மனிதருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் அந்த ஒரு தாள்தான் இருந்தது. என் பேனா 'பகாங்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. கீழே என் பாஸ்போர்ட் எண்ணுக்கு விட்டிருந்த இடம் தெரிந்தது.

ரெங்கசாமி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம் சார். மூடி வைங்க."

"அண்ணே, நான் யோசிச்சுக்கிட்டுத்தான்..."

"வேணாம் சார். அந்தப் புள்ள பதினோரு நாளு இருந்துச்சு. அங்க பொறந்துச்சுங்கிறத விட்டா அதுக்குன்னு ஒண்ணுமே கெடையாது. இத்தன வருசமா நானே அது மேல நின்னு சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். அதுகிட்டேருந்து அதையும் புடுங்கி எழுதணுமா?"

ஆண்டியப்பன் கிளாஸைக் கீழே வைத்தார். "பொழைக்கத் தெரியாதவன்டா நீ. ஒம் மாமனாரு மாதிரியே."

"மத்த நாலு கடையிலயும் சொல்லிர்றேன் மாமா. போயி எடுத்துக்குங்க."

அன்று ஜீப்பில் இறங்கி வந்தோம். பிரிஞ்சாங் தாண்டியதும், "இத அவகிட்ட சொல்லக் கூடாது சார். கடுதாசியில ஒரு வார்த்த வந்துரக் கூடாது" என்றார். சரி என்றேன்.

அவர் அந்தக் குழந்தைக்காகத்தான் வேண்டாம் என்றாரா, இல்லை என் பேனா நின்றதைப் பார்த்து என்னை விடுவிக்கத்தான் அப்படி ஒன்றைச் சொன்னாரா என்பதை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் என் பர்மிட் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதை உறைக்குள் போடும்போது எப்போதும் வரும் நிம்மதி அந்த முறை வரவில்லை.

எழுபத்தொன்பது மார்ச்சில் ரெங்கசாமி வேலையை விட்டார். அவளை இங்கே கொண்டுவர வழியில்லை என்றால் தான் அங்கே போவதைத் தவிர வேறு வழி என்ன என்றார். ரிங்லெட்டில் பிறந்த மனிதர், இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பினாங்கு வரை நான்தான் கூட்டிப் போனேன். வழி முழுக்க என் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ராத்திரியாவது குளிருமா சார்?"

"மார்கழியில கொஞ்சம் குளிரும்."

"மத்த மாசத்துல?"

"மத்த மாசத்துல மார்கழிய நெனச்சுக்க வேண்டியதுதான்."

சிரித்தார். கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது அதை மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடிதங்கள் வந்தன. பாஞ்சாலை நலம், ருக்குமணிக்குக் கல்யாணம், ருக்குமணிக்கு ஆண் குழந்தை. எண்பத்து நாலு மே மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராசிபுரம் போய், அங்கிருந்து நாலு மைல் நடந்தேன். எனக்கே அந்த வெயில் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஜவ்வரிசி ஆலையின் காயப்போடும் களத்தில் அவரைக் கண்டேன். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பரப்பு. அதற்கு நடுவில் தலையில் துண்டோடு ஜவ்வரிசியைக் காலால் அளைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கறுத்துப்போயிருந்தார். வேலையாட்கள் "மலேயாக்காரரே, ஒங்க ஊரு ஆளு" என்று சத்தம் போட்டார்கள். ஓடி வந்தவர், என் தோளைத் தொட்டுப் பார்த்தார், நான் மலையிலிருந்து நேராக இறங்கி வந்து இன்னும் குளிர்ந்திருப்பேன் என்பதுபோல.

வீட்டில் பாஞ்சாலையை முதல் முறையாகப் பார்த்தேன். நான் படித்த கடிதங்களின் நடுவே வரும் அதே குரல். "வாங்க சார், வாங்க. ஒக்காருங்கலா. ஒங்களப் பத்தித்தான் இவரு எப்பவும் பேசுவாரு." பதினான்கு வருடம் கழித்தும் மலேசியப் பேச்சின் அந்த 'லா' போகவில்லை. அக்கம்பக்கத்தார் அதற்குச் சிரிப்பார்கள் என்றாள், சிரித்துக்கொண்டே. பேரனை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ரெங்கசாமி வாசல்படியில் உட்கார்ந்தார்.

"நான் பொறந்த எடத்துக்கு நீங்க போயிருக்கீங்களாமே சார்? அந்தக் கல்லுகிட்ட?"

நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருக்கேன் அக்கா."

"நான் போனதே இல்ல சார். பொம்பளைங்க அவ்ளோ ஒசரம் ஏற மாட்டாங்கன்னு அப்பா விடல. இவரு அத்தன தரம் போயிருக்காரு, கேட்டா கல்லு கல்லாத்தான் இருக்குங்குறாரு. நீங்க படிச்சவரு, சொல்லுங்க. எப்படி இருக்கும்?"

நான் சொன்னேன். தேயிலை முடியுமிடத்தில் காடு தொடங்குவதை, மரங்களின் தோல் முழுக்கப் பாசி பஞ்சுபோலத் தொங்குவதை, காலடி மண் மெத்தைபோல அமிழ்வதைச் சொன்னேன். கல்லுக்குக் கிழக்கே பத்தடி கீழே சின்னச் சமதளம், அதில் மூன்று அடுப்புக் கற்கள். கல்லோரம் யாரும் நடாமல் முளைத்த பெரணிச் செடிகள். பனி கீழேயிருந்து ஏறி வரும்போது முதலில் கால் மறையும், பிறகு கல் மறையும், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவரே மறைந்துபோவார். அப்போது ஒரு சத்தமும் இருக்காது. தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும்.

ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேரன் தூங்கிவிட்டிருந்தான். வெளியே வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. நான் நிறுத்தியதும் அவள் ஏதோ கேட்கப் போனாள். அதற்குள் வாசல்படியிலிருந்து ரெங்கசாமியின் குரல் வந்தது. முகம் இன்னும் தெருப் பக்கமே இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க சார்."